பிள்ளை வளர்ப்பைச் சொல்லித் தந்த மாண்டிசோரி அம்மையார்

உலகத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்ப்பைச் சொல்லித் தந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

ஆனால், தம் வயிற்றில் பிறந்த ஒரே மகனை, மழலை பேசும் வயதில் மடியில் வைத்து வளர்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழிந்தன.

பிறகு இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். 2-வது உலகப் போர் வந்து மறுபடியும் பிரித்தது. அந்தப் பிரிவும், அதன் பிறகு வந்த சந்திப்பும் நடந்த இடம் சென்னை அடையாறு.

ஒரே மகள்

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரை அருகே கியாரவல்லே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி மரியா பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே குழந்தை.

தந்தை அலெசாந்திரோ, அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய பழக்கவழக்கங்களில் பிடிப்பு உள்ளவர். தாய் ரெனில்டே, புத்தகப் பிரியை. அந்தக் காலத்துப் பெண்களில் அவ்வளவு படித்தவர்கள் சிலரே.

மரியாவுக்கு 5 வயது ஆனபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபோயிற்று.

அந்த நாளில் படித்த பெண் என்றால் உபாத்தியாயினி ஆகலாம். மகளும் அப்படி ஆக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மரியாவுக்கு அதில் விருப்பம் இல்லை. கணக்குப் பாடம் என்றால் அவருக்கு உயிர். 13-வது வயதில், பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். என்ஜினீயர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை.

பிறகு அந்த ஆசையும் மாறியது. டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார். தந்தைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தாய் மகள் பக்கம் நின்றார்.

பிணத்தோடு தனியாக

ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் படிப்புக்கு இடம் வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. இடம் கிடைத்த பிறகும் தொல்லை தீரவில்லை.

வைத்திய மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்க வேண்டும். ஆண்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் அதைப் பார்ப்பது தகாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எனவே, மற்ற மாணவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, மரியா மட்டும் தனியாகப் பிண அறையில் நின்று பாடம் படித்தார்.

1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

தந்தையின் கோபமும் தணிந்தது. மகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை எல்லாம் கத்தரித்துச் சேர்த்து, ஒரு புத்தகமாகக் கட்டி, மகளுடைய பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

ரொட்டித் துணுக்குகள்

பட்டம் பெற்ற டாக்டருக்கு முதலில் கிடைத்த வேலைகளில் ஒன்று, மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து வருவது.

அங்கே மனநோயாளிகளோடு சில குழந்தைகளும் அடைக்கப்பட்டு இருந்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல. மூளை வளர்ச்சி சற்றுக் குறைந்தவர்கள். அந்தக் குழந்தைகளை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பசியால் பொறுக்குகிறார்கள் என்று அங்கே இருந்த ஆயா அருவருப்போடு சொன்னாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். ஒரு பொம்மை இல்லை. ஒரு குச்சி இல்லை. கையில் எடுத்து உருட்டிப் பார்க்க அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த ஒரே பொருள் ரொட்டித் துணுக்குதான்.

அது வயிற்றுப் பசி அல்ல, கையின் பசி, மூளையின் பசி என்று அவருக்குப் பட்டது.

இத்தகைய குழந்தைகளைப் பற்றி இட்டார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் முன்பே எழுதி இருந்தார்கள். அந்தப் புத்தகங்களைத் தேடிப் படித்தார். 1900-ம் ஆண்டு ரோம் நகரில் இக்குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய இருவரில் மரியாவும் ஒருவர். பகல் முழுவதும் குழந்தைகளோடு இருப்பார். இரவில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதுவார்.

எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், சாதாரணக் குழந்தைகள் எழுதும் பரீட்சையை எழுதித் தேறினார்கள். எல்லாரும் அதிசயித்தார்கள். மரியாவுக்கோ வேறு ஒரு கவலை பிறந்தது. இந்தக் குழந்தைகளே இவ்வளவு படிக்க முடியும் என்றால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு பின்னுக்கு இழுத்து வைத்திருக்க வேண்டும்!

மறைத்து வைத்த மகன்

அந்தப் பள்ளிக்கூடத்தின் மற்றொரு தலைவர் ஜுசெப்பே மாண்டெசானோ என்ற டாக்டர். அவரும் மரியாவும் சேர்ந்து வேலை செய்தவர்கள். இருவருக்கும் காதல் உண்டாயிற்று.

1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தாய்க்கும் தந்தைக்கும் கல்யாணம் நடக்கவில்லை.

கல்யாணம் ஆகாத பெண் பிள்ளை பெற்றாள் என்று வெளியே தெரிந்தால், அந்தக் காலத்து இத்தாலியில் டாக்டர் தொழில் போய்விடும், மானமும் போய்விடும். எனவே குழந்தை, ரோமுக்கு வெளியே கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது.

மரியா அவ்வப்போது போய்க் குழந்தையைப் பார்த்து வருவார். வந்து போகும் அந்த அழகான அம்மாள்தான் தன்னைப் பெற்றவள் என்று குழந்தைக்குத் தெரியாது.

1901-ம் ஆண்டு மாண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் மரியா அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு விலகினார். மறுபடியும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் மனோதத்துவமும் படிக்கத் தொடங்கினார்.

ஏழைகளின் குடியிருப்பில்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற பகுதி. கூலி வேலை செய்யும் ஏழைகள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். அங்கே ஒரு கம்பெனி பழைய கட்டிடங்களை வாங்கிப் பழுது பார்த்துக் குடித்தனங்களுக்கு விட்டது.

பெற்றோர் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத சின்னஞ்சிறுசுகள் மாடிப்படிகளில் ஓடின. புதிதாக வெள்ளை அடித்த சுவர்களில் கிறுக்கின. சுவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தைகளை எங்கேயாவது வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு மரியாவை அழைத்தார்கள்.

டாக்டர் பட்டம் பெற்றவர் ஆயா வேலைக்குப் போவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்தக் குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. அதற்குக் "குழந்தைகள் இல்லம்" என்று பெயர். ஐம்பது, அறுபது குழந்தைகள் வந்தார்கள். அழுக்கு முகம், பயந்த கண்கள், வாய் திறந்தால் அழுகை. அவர்களைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியை கிடையாது.

அம்மையார் பாடம் நடத்தவில்லை. ஓரமாக நின்று பார்த்தார்.

அவர் கண்ட காட்சிகள்

ஒரு நாள், 3 வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டு இருந்தாள். ஒவ்வோர் உருளையும் ஒவ்வோர் அளவு. சரியான குழியில்தான் பொருந்தும். பொருத்தினாள், கலைத்தாள், மறுபடியும் பொருத்தினாள்.

அம்மையார் மற்றக் குழந்தைகளைச் சுற்றி ஆடிப் பாடச் சொன்னார். சிறுமி தலை நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்த பிறகு, தானாகவே நிறுத்தினாள். நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல, மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு வேலையில் மனம் நிற்காது என்று சொல்வார்கள். தனக்கு வேண்டிய வேலை கிடைத்தால் குழந்தையின் மனம் நிற்கும் என்பதை அம்மையார் அன்று கண்டார்.

இன்னொரு நாள், மூக்கைச் சத்தம் இல்லாமல் கைக்குட்டையால் எப்படித் துடைப்பது என்று குழந்தைகளுக்குச் செய்து காட்டினார். முடித்ததும் குழந்தைகள் எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்குக் காரணம் புரிய நேரம் ஆயிற்று. மூக்கு ஒழுகுகிறது என்று குழந்தையைத் திட்டாதவர் இல்லை. எப்படித் துடைப்பது என்று மரியாதையாகச் சொல்லித் தந்தவர்தான் இல்லை.

மற்றொரு நாள் பொருள்கள் வைக்கும் பீரோ பூட்டாமல் கிடந்தது. ஆசிரியை வருவதற்குள் குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஆசிரியை அதைத் திருட்டு என்று நினைத்தார். அம்மையாருக்கு அது வேறாகத் தெரிந்தது. எது தேவை என்று குழந்தைக்குத் தெரிகிறது. அதைத் தேர்ந்தெடுக்கவும் தெரிகிறது. அதன் பிறகு தாழ்வான அலமாரிகளில் எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டன.

எழுத்து வந்த விதம்

இந்தக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளுக்காவது எழுத்துச் சொல்லித் தருமாறு கேட்டுக்கொண்டார்கள்.

உப்புத்தாளில் எழுத்துக்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் அதைத் தடவும். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து கற்கும். மணலில் விரல் வைத்து எழுத்துப் படித்த நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

சில மாதங்கள் சென்றன. குளிர்காலத்தில் ஒரு நாள் நல்ல வெயில். குழந்தைகள் மொட்டை மாடியில் விளையாடினார்கள். 5 வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, எதிரே தெரியும் புகைபோக்கியை வரையுமாறு அம்மையார் கூறினார். அவன் தரையில் வரைந்தான். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

பையன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு, தனக்கு எழுதத் தெரியும் என்று கூவிக்கொண்டு, தரையில் குனிந்து 'கை' என்று எழுதினான். அடுத்து 'புகைபோக்கி' என்று எழுதினான். 'கூரை' என்று எழுதினான். மற்றக் குழந்தைகளும் ஓடி வந்து சுண்ணாம்புக் கட்டி கேட்டார்கள். அவர்களும் எழுதினார்கள்.

செய்தி பரவியது. பல நாடுகளில் இருந்தும் பெரிய மனிதர்கள் அந்த ஏழைக் குடியிருப்புக்கு வந்து பார்த்துப் போனார்கள். 1909-ம் ஆண்டு அம்மையார் தம் முறையைப் புத்தகமாக எழுதினார். அது பல மொழிகளில் வெளிவந்தது.

தாயிடம் வந்த மகன்

1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அம்மையாரின் தாய் ரெனில்டே காலமானார். அடுத்த ஆண்டு, மரியோ தன் தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 15.

தாயும் மகனும் அதற்குப் பிறகு ஒன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் வெளியாருக்கு அவன் மகன் அல்ல. அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை போல உறவுக்காரப் பையன் என்றும், வளர்ப்புப் பிள்ளை என்றும் சொல்லப்பட்டது. உலகம் எங்கும் போய்க் குழந்தையைப் பற்றிப் பேசிய தாய், தம் குழந்தையைச் சுட்டிக் காட்டி இவன் என் மகன் என்று சொல்ல முடியவில்லை.

மரியோ வளர்ந்து தாய்க்கு வலது கை ஆனார். 1917-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. 4 குழந்தைகள் பிறந்தார்கள். மகனைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத பருவத்தை, அம்மையார் அந்தப் பேரக் குழந்தைகளிடம் பார்த்தார்.

பருவம் நான்கு

பல நாடுகளில், பல ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்த பிறகு அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். குழந்தை என்பது சிறிய அளவில் உள்ள பெரிய மனிதன் அல்ல. பிறந்தது முதல் 24 வயது வரை மனிதனுடைய வளர்ச்சியில் நான்கு பருவங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 6 ஆண்டு. ஒரு பருவத்துக்கு ஏற்றது மற்றொரு பருவத்துக்கு ஏற்காது.

முதல் பருவம், பிறந்தது முதல் 6 வயது வரை. இந்த வயதில் குழந்தையின் மனம், தண்ணீரைப் பஞ்சு உறிஞ்சுவதுபோலச் சுற்றி உள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. வாத்தியார் இல்லாமல் தாய்மொழி வருவது இப்படித்தான். வீட்டில் பேசுவதும், ஏசுவதும் குழந்தைக்குள் போய்த் தங்கும்.

இந்த வயதுக் குழந்தைக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். அம்மையார் கண்ட ஒரு நிகழ்ச்சி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஒரு தாய் நடந்து போனாள். வெயிலாக இருந்ததால் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கினாலும் நிற்கவில்லை, அதட்டினாலும் நிற்கவில்லை. அம்மையார் போய், கோட்டை மறுபடியும் போட்டுக்கொள்ளுமாறு தாயிடம் சொன்னார். போட்டதும் அழுகை நின்றது. கோட்டு உடம்பில் இருக்க வேண்டிய பொருள். அது கையில் தொங்கியதைக் குழந்தையால் தாங்க முடியவில்லை. பெரியவர்கள் அதைப் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடித்திருப்பார்கள்.

தானே செய்து பார்க்க வேண்டும் என்பது இந்த வயதின் ஆசை. பொத்தான் போட ஒரு குழந்தைக்கு 5 நிமிடம் ஆகலாம். தாய்க்கு அவசரம், தானே போட்டுவிடுவாள். குழந்தை தன்னால் செய்ய முடியும் என்று நினைப்பதை நாம் செய்து கொடுத்தால், அது உதவி அல்ல, தடை என்பது அம்மையாரின் கருத்து. அதனால் தம் பள்ளியில் சிறிய நாற்காலி, சிறிய மேஜை, சிறிய துடைப்பம் செய்து வைத்தார். தட்டும் கிண்ணமும் கீழே போட்டால் உடையும் பீங்கானாகவே கொடுத்தார். உடையும் என்று தெரிந்தால்தான் குழந்தை கவனமாக எடுத்துச் செல்லும்.

இரண்டாவது பருவம், 6 முதல் 12 வரை. பால் பல் விழுகிறது. உடம்பு உறுதிப்படுகிறது. மடியை விட்டுக் குழந்தை தோழர்களைத் தேடிப் போகிறது. இப்போது அதற்கு ஏன், எப்படி என்ற கேள்விகள். அவன் அடித்தான், இவள் எடுத்தாள் என்று ஓயாமல் கோள் சொல்லும் வயதும் இதுதான். அது கோள் அல்ல என்றார் அம்மையார். எது சரி, எது தப்பு என்று தெரிந்துகொள்ளக் குழந்தை நம்மிடம் கேட்கிறது.

மூன்றாவது பருவம், 12 முதல் 18 வரை. மகன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான், இனிக் கவலை இல்லை என்று பெற்றோர் நினைப்பார்கள். அம்மையார் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். பிறந்த குழந்தையைப் போலவே இந்த வயதுப் பிள்ளையும் மெல்லியது. உடம்பு வேகமாக மாறுகிறது. பலர் முன்னால் ஒரு சொல் கடுமையாகச் சொன்னால் மனம் ஒடிந்துவிடும். பாடத்தைச் சுமையாக ஏற்றுவதைக் குறைத்து, நிலத்தில் உழைக்கவும், விளைந்ததை விற்கவும், தன் உழைப்பால் நாலு காசு காணவும் வழி செய்ய வேண்டும். என்னாலும் முடியும் என்ற நம்பிக்கைதான் இந்த வயதுக்கு மருந்து.

நான்காவது பருவம், 18 முதல் 24 வரை. தனக்கு என்ன வேலை, தான் உலகத்துக்கு என்ன செய்வது என்று தேடும் காலம். முன் பருவங்கள் நன்றாக அமைந்தால், இந்தப் பருவத்தில் பெற்றோருக்கு அதிக வேலை இல்லை.

அம்மையார் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய அறிஞர்கள் அப்படியே ஏற்பதில்லை. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகளைச் சொல்ல அவர் தயங்கியதைப் பலர் மறுக்கிறார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகளின் அருமையைப் பற்றி அவர் சொன்னதை இன்றைய மூளை ஆராய்ச்சி மறுக்கவில்லை.

நாடு விட்டு நாடு

இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். முதலில் அவர் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தார். ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படியும் சிப்பாய்களை அவர் விரும்பினார். தானே சிந்திக்கும் குழந்தைகளை அம்மையார் விரும்பினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1934-ம் ஆண்டு அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதி.

ஸ்பெயின் நாட்டில் தங்கி இருந்தார். 1936-ம் ஆண்டு அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் புறப்பட்டார். ஹாலந்து நாடு இடம் கொடுத்தது.

அடையாறில்

அம்மையாருக்கு இந்தியா புதிது அல்ல. 1931-ம் ஆண்டு லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்து இருந்தார். மகாகவி தாகூரும் அவர் முறையில் ஆர்வம் காட்டியவர்.

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939-ம் ஆண்டு இறுதியில் அம்மையாரும் மரியோவும் சென்னைக்கு வந்தார்கள். அம்மையாருக்கு அப்போது வயது 69.

அடையாறில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளில் இருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ பக்கத்தில் நின்று இங்கிலீஷில் மொழிபெயர்ப்பார். தாயின் குரலாக மகன் இருந்தார்.

சில மாதங்களில் ஊர் திரும்புவதாகத் திட்டம். ஆனால் 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில், இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே நாளில் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள்.

மரியோவைக் கைது செய்து, பம்பாய் மாகாணத்தில் உள்ள அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறு சபைத் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

பழைய பிரிவு மறுபடியும் வந்தது. அப்போது ஊர்ப் பழிக்குப் பயந்து பிரிந்து இருந்தார். இப்போது அரசாங்கம் பிரித்தது. 70 வயதுக் கிழவி, மொழி தெரியாத ஊரில், மகன் எப்போது வருவான் என்று தெரியாமல் நாளை எண்ணிக்கொண்டு இருந்தார்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருடைய 70-வது பிறந்த நாள். வைசிராயிடம் இருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்ததாகவும், அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்ததாகவும் அதில் கண்டிருந்தது.

மரியோ விடுதலையாகி வந்தார்.

அந்தத் தந்தியில், உறவுக்காரர் என்று இல்லை. வளர்ப்புப் பிள்ளை என்று இல்லை. மகன் என்று இருந்தது. 42 ஆண்டுகளாகத் தாய் வெளியில் சொல்ல முடியாமல் வைத்திருந்த சொல்லை, அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

கொடைக்கானல் மலையில்

1942-ம் ஆண்டு அம்மையாரும் மரியோவும் கொடைக்கானலுக்குப் போனார்கள். 1944 வரை அங்கே தங்கினார்கள்.

அதுவரை அம்மையாரின் பெயர் சிறு குழந்தைகளோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்டது. 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கல்வி, கொடைக்கானலில் ஒரு சிறிய பள்ளியில் உருவாயிற்று. அங்கே பாடப் புத்தகம், மலையும் காடும் குளமும். பூச்சி, இலை, தவளை என்று குழந்தைகள் கொண்டுவந்ததே பாடம் ஆயிற்று. பூமி பிறந்த கதை, உயிர்கள் தோன்றிய கதை, மனிதன் வந்த கதை, எழுத்தும் எண்ணும் பிறந்த கதை என்று, உலகம் முழுவதையும் ஒரு பெரிய கதையாகச் சொன்னால், ஏன் என்று கேட்கும் வயதுக்கு அது விருந்து என்று கண்டார்கள். தாயும் மகனும் சேர்ந்து செய்த வேலை இது. இன்றும் உலகம் எங்கும் உள்ள மாண்டிசோரி பள்ளிகளில் அந்த வயதுக் குழந்தைகளுக்கு இதுவே பாடம்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு இந்தியாவின் பல நகரங்களிலும் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1946-ம் ஆண்டு ஹாலந்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். குழந்தையின் உறிஞ்சும் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம், 1949-ம் ஆண்டு முதன்முதலில் அச்சானது சென்னையில்தான்.

உயிலில் ஒரு சொல்

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்து நாட்டின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் அம்மையார் காலமானார். வயது 81. அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். எந்த நாட்டை விட்டு வெளியேறினாரோ, அந்த இத்தாலி நாடு, பிற்காலத்தில் 1,000 லீரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. யூரோ நாணயம் வரும் வரை அந்த நோட்டு செலாவணியில் இருந்தது.

அம்மையார் உயில் எழுதி வைத்து இருந்தார். தம்முடைய எல்லாவற்றுக்கும் வாரிசு மரியோ என்று அதில் எழுதி இருந்தார். வாரிசைக் குறிப்பிடும் இடத்தில், தம் கையாலேயே, 'மகன்' என்று எழுதி இருந்தார்.

மரியோ அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் தாயின் பணியை நடத்தினார். 1982-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.

போன பருவம் திரும்பி வராது என்று அம்மையார் தாய்மார்களுக்குச் சொன்னார். அதன் அருமையை அவரைவிட அதிகமாக அறிந்தவர் இருக்க முடியாது.